வீட்டுக் கோழிக்கூட்டத்தில் எத்தனை சேவல் வைத்துக்கொள்ளலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்து வீடுகளிலும் ஊர்ப்புற வாசல்களிலும் ஐந்து முதல் இருபத்தைந்து வரை நாட்டுக்கோழி வளர்ப்போர் என்னிடம் பெரும்பாலும் சேவலைப் பற்றியே கேட்கிறார்கள். பெட்டைகளைப் பற்றிய ஐயங்கள் தீவனத்தோடும் நோயோடும் முடிந்துவிடுகின்றன. சேவல் விஷயத்தில் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கூட்டம் முழுவதும் அதை உணர்கிறது. கொங்குப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கோழி வளர்த்து, தவறு செய்து, திருத்திக்கொண்ட ஒருவர் தரும் விடைகளாக இவற்றைக் கொள்ளலாம்.

சேவல் இல்லாவிட்டால் பெட்டைகள் முட்டை இடுமா?

இடும். முட்டை உருவாவது பெட்டையின் வயதையும், அதற்குக் கிடைக்கும் தீவனத்தையும், பகல் வெளிச்சத்தின் நீளத்தையும் பொறுத்தது. அதற்கும் சேவலுக்கும் தொடர்பில்லை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து நம் கடைகளுக்கு வரும் முட்டைகளை இடும் கோழிகள் சேவலின் அருகில்கூடச் சென்றதில்லை. கருக்கூடிய முட்டையில் சத்து அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். உண்ணும் முட்டை என்ற அளவில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

உண்மையில், முட்டையை வீட்டுக்கும் விற்பனைக்கும் மட்டுமே பயன்படுத்துவோருக்கு நம் வெயிலில் சேவல் இல்லாமலிருப்பதே நன்மை. கருக்கூடிய முட்டையில் உள்ள கரு, வெப்பநிலை 21 முதல் 24 டிகிரி செல்சியசைத் தாண்டியவுடன் மிக மெதுவாக வளரத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் சமையலறைகளின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல. அப்போது வெளியே வைத்த கருக்கூடிய முட்டை நான்கைந்து நாட்களில் இரத்த நரம்பு ஓடிய நிலைக்குப் போய், பிறகு கரு இறந்து கெட்டுவிடும். கருக்கூடாத முட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே குஞ்சு பொரிக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு என் விடை, தயக்கமின்றி, பூச்சியம்.

குஞ்சு வேண்டும் என்றால், எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல்?

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது சரியான கணக்கும்கூட. சிறுவிடை போன்ற இலகுவான கோழிகளில் சுறுசுறுப்பான இளம் சேவல் ஒன்று பன்னிரண்டு பெட்டைகள் வரை பார்த்துக்கொள்ளும். பெருவிடை, அசில் போன்ற கனத்த உடல் கொண்டவற்றில் ஐந்தாறு பெட்டைக்கு மேல் எதிர்பார்ப்பது அதிகம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். பெட்டையின் முட்டைக்குழாயில், கருப்பையும் யோனியும் சேரும் இடத்தில், விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேவல் மிதித்தால், அதாவது பெட்டையோடு இணைந்தால், அங்கே தங்கும் விந்தணுக்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை அடுத்தடுத்த முட்டைகளைக் கருக்கூட வைக்கும். சில பெட்டைகளில் மூன்று வாரம்கூட நீளும். ஒரு பெட்டையை வாரத்துக்கு ஒருமுறை மிதித்தாலே போதுமானது என்பது இதிலிருந்து விளங்கும். நல்ல சேவலோ ஒரே நாளில் இருபது முறைக்கு மேலும் மிதிக்க வல்லது.

அப்படியானால் இருபது பெட்டைக்கும் ஒரே சேவல் போதாதா?

கணக்குப் பார்த்தால் போதும், நடப்பில் போதாது. சேவல் எல்லாப் பெட்டைகளையும் ஒன்றுபோல் நாடுவதில்லை. அதற்கு விருப்பமான இரண்டு மூன்று பெட்டைகள் இருக்கும். அவற்றின் முதுகு தேய்ந்துகொண்டிருக்கும்போதே, ஓரத்தில் தனியாக மேயும் பெட்டையின் முட்டை கூமுட்டையாகப் போகும். மேலும் கத்தரி வெயிலில் விந்தின் தரம் இறங்கிவிடுகிறது. மூன்று வயதைத் தாண்டிய சேவலிலும் அப்படியே. ஆகையால் மாசியில் போதுமானதாக இருந்த ஒரு சேவல் வைகாசியில் போதாமல் போகலாம்.

ஊகத்தை விட்டுவிட்டு முட்டையையே கேட்பது நல்லது. சமையலுக்கு உடைக்கும் முட்டையில் மஞ்சள் கருவின் மேல் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். கருக்கூடாத முட்டையில் அந்தப் புள்ளி சிறியதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கற்று இருக்கும். கருக்கூடிய முட்டையில் அது சற்றே அகன்று, வெளிறிய நடுப்பகுதியைச் சுற்றி வெண்மையான வளையமாகத் தோன்றும். வெவ்வேறு பெட்டைகள் இட்ட பத்து முட்டைகளை இப்படிப் பாருங்கள். எட்டு அல்லது அதற்கு மேல் வளையம் தெரிந்தால் உங்கள் சேவல் போதும். ஐந்தாறுதான் தெரிகிறது என்றால் மட்டும் இன்னொன்றைப் பற்றி யோசியுங்கள். அடைவைத்து, ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்து வருந்துவதைவிட இது எளிது. அடைக்கோழியின் இருபத்தொரு நாள் உழைப்பும் வீணாகாது.

என்னிடம் நான்கு பெட்டைகள்தான். ஆசைக்கு ஒரு சேவல் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாள் முழுவதும் ஒன்றாக விட வேண்டாம். பத்துப் பெட்டைகளுக்குப் பகிர்ந்து போக வேண்டிய மிதிப்பு நான்கின் மேல் விழும்போது முதலில் பின்தலை இறகும், பிறகு முதுகு இறகும், வால் அடியும் போகும். வெறும் தோல் தெரியும் இடத்தில் அடுத்த முறை சேவலின் நகம் கீறும். வயது முதிர்ந்த சேவலாக இருந்தால் கால்முள் விலாவைக் கிழிக்கும். அந்தக் காயம் இறக்கையின் கீழ் மறைந்திருப்பதால் ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகே நம் கண்ணில் படும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வாசலில் பதினான்கு பெட்டைகளுக்கு மூன்று சேவல்கள் இருந்தன. மூன்றும் அழகு, எதையும் பிரிய எனக்கு மனம் வரவில்லை. ஒரு செம்பெட்டை இரண்டு நாளாகக் கூட்டைவிட்டு இறங்காததைக் கவனித்து, தூக்கி இறக்கையை விரித்தபோது விலா எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. மஞ்சளும் மருந்தும் அதைக் காப்பாற்றவில்லை. அன்றிலிருந்து சேவலின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது பெட்டைகளின் முதுகைப் பார்த்துத்தான் என்று கருதுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை, மாலையில் கூடு அடையும்போது, ஒவ்வொரு பெட்டையையும் கையில் எடுத்து முதுகையும் இறக்கையின் அடியையும் பாருங்கள்.

நான்கு பெட்டைகளோடு சேவல் வைத்தே ஆக வேண்டும் என்றால், அடைமுட்டை சேர்க்கும் காலத்தில் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு சேவலைத் திறந்துவிடுங்கள். பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிட்டு முடித்துவிடுகின்றன. சேவல்களும் மாலையில்தான் மிகுதியாக மிதிக்கின்றன. அந்த இரண்டு மூன்று மணி நேரமே கருக்கூடுவதற்குப் போதும்.

பதினைந்து பெட்டைகள் இருக்கின்றன. இரண்டு சேவல்கள் வைக்கலாமா?

என்னைக் கேட்டால், இரண்டு என்பதுதான் மிகவும் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு. இரண்டு சேவல்களுக்கு இடையே மூத்தது எது என்பது ஒருமுறை தீர்ந்தால் பெரிய சண்டை நிற்கும். ஆனால் இளையது திருட்டுத்தனமாகப் பெட்டையை நெருங்குவதும், மூத்தது ஓடிவந்து மோதித் தள்ளுவதும், நடுவில் அகப்பட்ட பெட்டை மிதிபடுவதும் நாள்தோறும் நடக்கும். இளைய சேவல் மிதித்தால்கூட, தரவரிசையில் தாழ்ந்த சேவலின் விந்தைப் பெட்டை உடனே வெளியே தள்ளிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டாவது சேவலால் கருக்கூடும் முட்டை இரண்டு மடங்கு ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

இடம் இருந்தால் நிலைமை மாறுகிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டத்தில், இடையிடையே மரமும் புதரும் மாட்டுக் கொட்டகையும் நின்று ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று விலகிக்கொள்ள முடியுமானால், பதினைந்து இருபது பெட்டைகள் இரண்டு கூட்டங்களாகத் தாமே பிரிந்து, சேவலுக்கு ஒரு கூட்டம் என்று மேயும். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். இரவு அடையும் இடமும் இரண்டாக இருந்தால் நல்லது. வலையடித்த இருபதுக்கு இருபது அடிக் கொட்டிலில் இந்த விலகல் இயலாது. அங்கே பதினைந்து பெட்டைகளுக்கும் ஒரே சேவல்தான் சரி, முட்டை சற்றுக் கருக்கூடாமல் போனாலும் பரவாயில்லை.

ஒரே அடையில் பொரித்து ஒன்றாக வளர்ந்த சேவல்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றை நோய்க்காகப் பத்து நாள் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் பழைய உறவு நிலைக்காமல் போகலாம். புதுச் சேவலைப் போலவே அடித்துக்கொள்ளும்.

பொரித்த பத்துக் குஞ்சுகளில் ஏழு சேவலாகிவிட்டன. என்ன செய்வது?

இது உங்கள் அடைக்கோழியின் குற்றமோ, முட்டையின் வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்ததில் நேர்ந்த பிழையோ அன்று. குஞ்சுகளில் ஆண், பெண் ஏறத்தாழச் சரிபாதி என்பது நூற்றுக்கணக்கில் எண்ணும்போது வரும் கணக்கு. பத்தே பத்துக் குஞ்சில் ஏழு ஆணாவது அடிக்கடி நடக்கக்கூடியதே. நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்ற நம்பிக்கையைச் சார்ந்து அடை வைக்காதீர்கள். குஞ்சின் பாலை முடிவு செய்வது பெட்டை தரும் குரோமோசோம்; முட்டையின் வடிவத்தை முடிவு செய்வது முட்டைக்குழாய். இரண்டுக்கும் தொடர்பில்லை.

முக்கியமானது, முடிவை எப்போது எடுப்பது என்பது. மூன்று மாதத்தில் கொண்டை சிவந்து, நான்கு ஐந்து மாதத்தில் கூவத் தொடங்கும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கூவத் தொடங்கிய விடலைச் சேவல்கள் ஐந்து சேர்ந்து ஒரு பெட்டையைத் துரத்தும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை தாமதிக்க மாட்டார்கள். எனவே மூன்றாம் மாத முடிவிலேயே, வைத்துக்கொள்ளப் போகும் ஒன்றை அல்லது இரண்டைத் தேர்ந்து காலில் துணியோ வளையமோ கட்டி அடையாளமிட்டு, மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள்.

பிரித்தவற்றை விற்கும்வரை தனிக் கொட்டிலில் ஒன்றாக வைக்கலாம். பெட்டை கண்ணிலும் படாத இடமாக இருந்தால் விடலைச் சேவல்கள் வியப்பூட்டும் அளவுக்கு அமைதியாக இருக்கும். சண்டைக்குக் காரணமே பெட்டைதான். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவல் உள்ள வீடுகளில் அதை விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. திருவிழாவுக்கு ஆறு மாதம் இருந்தாலும் அது இருந்தே ஆக வேண்டும். அந்தச் சேவலையும் இந்தத் தனிக் கொட்டிலில் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெட்டைக் கூட்டத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்க வருபவர் சண்டைக்காகக் கேட்கிறார் என்று தெரிந்தால் கொடுக்காதீர்கள். விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாம் வளர்த்த உயிர் அப்படி முடியவும் கூடாது.

எதை வைத்துக்கொள்வது?

மிகப் பெரியதையும் மிக அழகானதையும் எடுக்கவே கை போகும். நான் பார்ப்பவை வேறு. தானியம் கிடைத்தால் தான் விழுங்காமல் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கிறதா? மனிதரைக் கண்டால் விலகிப் போகிறதா? நேரான கால், வளையாத விரல், நேரான மார்பெலும்பு, தெளிந்த கண் இருக்கின்றனவா? அதன் தாய் எத்தனை முட்டையிட்டாள், அடையில் எப்படி இருந்தாள்? முட்டையிடும் திறனைச் சேவலும் தன் மகள்களுக்குக் கடத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்; ஆகவே சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தாயைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரே சேவலை வைத்தால் இரத்த உறவுக் கலப்பு வந்துவிடாதா?

வரும், ஒரு சேவல்தான் என்ற விடையின் உண்மையான பலவீனம் இதுதான். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கூட்டத்தின் மரபுவழி அகலத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு: சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தக் கோழி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் என்றால் விடை ஏறத்தாழ 3.6. பதினொரு கோழிகள் வாசலில் திரிந்தாலும், மரபணு நோக்கில் அது நான்கு கோழிகூட இல்லாத கூட்டம் என்று பொருள். பெட்டைகளை இருபதாக்கினால் விடை 3.8-க்குத்தான் உயர்கிறது. மாறாக, பத்துப் பெட்டைகளோடு இரண்டு சேவல்கள் சமமாகப் பங்கேற்றால் 6.7 ஆகிறது. முதல் நிலையில் ஒரு தலைமுறைக்கு 14 விழுக்காட்டை ஒட்டி இரத்த நெருக்கம் கூடும். இரண்டாவதில் அது 7.5 விழுக்காடு. அதே சேவலைத் தன் மகள்களோடு விட்டுவிட்டால் பிறக்கும் குஞ்சுகளில் அது ஒரே தாவலில் 25 விழுக்காடு. பொரிப்பு குறைவது, குஞ்சுகள் முதல் மாதத்தில் சோர்ந்து சாவது, முட்டை குறைவது ஆகியவை இதன் விளைவாகத் தொடரும். பலர் இதை நோய் என்று எண்ணி மருந்து தேடுகிறார்கள்.

இதற்காக இரண்டு மூன்று சேவல்களை ஒரே நேரத்தில் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சேவல் என்று வைத்து, சேவலைக் காலந்தோறும் மாற்றினால் அதே பயன் கிடைக்கும். உங்கள் வீட்டில் பொரித்த சேவலை வைத்துக்கொள்ளாமல், நான்கைந்து ஊர் தள்ளி வளர்க்கும் ஒருவரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து இப்படிச் சுற்றில் மாற்றிக்கொண்டால் ஒவ்வொருவரும் ஒரு சேவலுக்குமேல் வைக்காமலே பல ஆண்டுகள் நெருக்கமின்றி ஓட்டலாம். நானும் உறவினர் இருவரும் இப்படித்தான் செய்கிறோம்.

புதுச் சேவலை எப்படிச் சேர்ப்பது?

முதலில் இருபது நாள் தனியே, முடிந்தால் காற்றடிக்கும் திசைக்குக் கீழ்ப்புறமாக வையுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு, ஐயமிருந்தால் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். கால் செதிலுக்கடியில் உண்ணியும் இறகில் பேனும் பாருங்கள். பழைய சேவலை அகற்றிய பின்னரே புதியதை விட வேண்டும். இரண்டும் ஒருநாள்கூட ஒன்றாக இருக்க வேண்டாம். புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள், பழையது போன பிறகு மூன்று வாரம் கழித்து எடுத்த முட்டையை அடை வையுங்கள். அதற்கு முன் இட்டவற்றில் பழைய சேவலின் வித்தும் இருக்கலாம்.

வனராஜா, கிராமப்பிரியா சேவலை நாட்டுப் பெட்டைகளோடு விடலாமா?

ஒரு தலைமுறைக்கு நல்ல எடையுள்ள குஞ்சுகள் கிடைக்கும். இவை கலப்பினங்கள் ஆகையால் அடுத்தடுத்த தலைமுறையில் அதே தன்மை நிலைக்காது. அடைகாக்கும் குணமும் கூட்டத்திலிருந்து குறையும். சிறுவிடையைக் காப்பாற்ற விரும்புவோர் தவிர்த்துவிடுங்கள்.

பருந்துக்கும் கீரிக்கும் சேவல் காவல் என்கிறார்களே, அதற்காகக் கூடுதலாக ஒன்று வைக்கலாமா?

சேவல் காவல்தான். வானில் பருந்தோ வல்லூறோ தெரிந்தால் ஒரு குரலும், தரையில் பாம்போ கீரியோ வந்தால் வேறொரு குரலும் கொடுக்கிறது. முதலாவதைக் கேட்டால் பெட்டைகள் புதருக்குள் ஓடிப் பதுங்கும், இரண்டாவதைக் கேட்டால் நிமிர்ந்து பார்க்கும். ஆனால் இந்தப் பயனை ஒரு சேவலே முழுமையாகத் தந்துவிடும். இரவில் வரும் காட்டுப்பூனைக்கு எந்தச் சேவலும் தடையாகாது. அதற்குத் தேவை இறுக்கமான கதவு.

கூவல் தொல்லை என்று அண்டை வீட்டார் வருந்துகிறார்கள். ஒன்றும் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. விடியற்காலைக் கூவல் சேவலின் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தால் எழுவது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். எந்நேரமும் மங்கிய வெளிச்சமே இருந்த அறையிலும் அது தன் நேரத்துக்குக் கூவியது. மூத்த சேவல் முதலில் கூவ, மற்றவை தத்தம் தரவரிசைப்படி தொடரும் என்று 2015-இல் கண்டார்கள். எனவே இரண்டாவது சேவல் வந்தால் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு மறுகூவல் சேர்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நகர வீடுகளில் சேவலே வைக்காமல், கருக்கூடிய முட்டையைத் தெரிந்தவரிடம் வாங்கி அடை வைப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

மாற்றுச் சேவல் ஒன்று கையிருப்பில் வேண்டுமா?

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அடை வைப்பவர்களுக்கு வேண்டும். இருக்கும் ஒரே சேவல் கழிச்சலிலோ நாய் வாயிலோ போனால், அந்தப் பருவத்துப் பொரிப்பும் அதோடு போய்விடும். கையிருப்புச் சேவலைப் பெட்டைகள் தெரியாத இடத்தில், நிழலும் மண்குளியலும் உள்ள கொட்டிலில் வையுங்கள். பஞ்சாரத்துக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைப்பது கொடுமை. நாளொன்றுக்கு 100 கிராமை ஒட்டிய தீவனம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 கிலோ; அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதையே சேவலுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். கிளிஞ்சலைத் தனித் தட்டில் பெட்டைகளுக்கு வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கம்பு, சோளம், தவிடு, பிண்ணாக்குக் கலவையைக் கொடுக்கலாம்.

சேவல் குழந்தைகளைத் துரத்துகிறது. பழகிவிடுமா?

ஒருமுறை மனிதர்மேல் பாய்ந்த சேவல் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. கால்முள் படும் உயரமும் சிறு குழந்தையின் கண் இருக்கும் உயரமும் ஒன்றே. அதை அன்றே தனியே அடைத்து, வாரத்துக்குள் வீட்டைவிட்டு அகற்றுங்கள். அடை வைக்கவும் அதன் முட்டையை எடுக்காதீர்கள், அந்தக் குணம் மகன்களிடமும் வரும்.

ஒரு சேவலை எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

எட்டு மாத வயதில் பெட்டைகளோடு விட்டால் இரண்டு ஆண்டு நன்றாக இருக்கும். இருந்தாலும் அதன் மகள்கள் முட்டையிடத் தொடங்கும் முன், அதாவது முதல் அடைப் பெட்டைகளுக்கு ஐந்து மாதம் ஆகும்போதே, மாற்றுச் சேவலைப் பேசி வைத்துவிடுங்கள். நான் ஆண்டுதோறும் மார்கழியில் இதைச் செய்கிறேன். வெயில் ஏறும் முன் புதுச் சேவலுக்கு வாசல் பழகிவிடுகிறது, தை மாத அடைக்கு முட்டையும் சேர்ந்துவிடுகிறது.